நெற்றியில் எழுதிய நேரம்

என்னங்க,

"எங்க சாமி துன்னூற எதுக்குடி தட்டிவிட்ட?" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். ஆமாம், தட்டிவிட்டேன். "வேதக்காரி புத்தியக் காட்டிட்டா, இன்னும் சர்ச்ச விடல" என்று ஊரே பேசுவதும் தெரியும்.

புல்வெட்டும் மெஷின் உங்கள் தம்பியின் தொடையைக் கிழித்திருந்தது. ரத்தம் பீய்ச்சியடித்தது. என் ஆம்புலன்ஸ் வேலைப் பையிலிருந்த பட்டையைக் காயத்துக்கு மேலே கட்டி, ரத்தம் நிற்கும்வரை அதன் குச்சியை முறுக்கினேன். அவன் அலறினான்.

கட்டிய நேரம் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ரொம்ப நேரமானால் காலே போய்விடும். அதனால் அவன் நெற்றியில் பேனாவால் 3.40 என்று எழுதினேன். அத்தை அதன்மேல் திருநீறு பூச வந்தார்; எழுத்து அழிந்துவிடுமே என்று அவர் கையைத் தட்டிவிட்டேன்.

அந்தக் கோபத்தில் அத்தை, அவனை ஏற்றிப்போக வந்த ஆம்புலன்சில் என்னை ஏறவிடவில்லை. நான் பஸ் பிடித்துத் திண்டுக்கல் போவதற்குள், டாக்டர் நெற்றியைப் பார்த்து ஆபரேஷனை ஆரம்பித்திருந்தார்.

கால் தப்பிவிட்டது.

இன்று காலை ஈரப்பஞ்சால் அந்த நேரத்தைத் துடைத்தேன். அத்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதே இடத்தில் நானே திருநீறு பூசினேன்.

இதை ஊர் பார்க்கவில்லை.

உங்கள்
வேதக்காரி