சூசைக்குச் சொன்ன வார்த்தை

பிப்ரவரி 9, காலை

சீரிஸ் குறுங்கோள், தொலைத்தொடர்பு நிலையம். பதிவு செய்பவர் பொறியாளர் வியாகுலமேரி. இங்கே இருக்கும் ஒரே ஆள் நான்தான், ஆகவே கையெழுத்துத் தேவையில்லை. ஆன்டெனா சரி. பேட்டரி சரி. காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகள் இரண்டும் ஓடுகின்றன. இரண்டாவது கொஞ்சம் இரைகிறது.

வேலை வழக்கமானது. பூமியிலிருந்து வரும் செய்திப் பொதியை வாங்கி 'நெய்தல்' கப்பலுக்கு அனுப்ப வேண்டும். வியாழன் பக்கம் இருந்த சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அங்கே கடைசியாக இருந்த குடும்பங்கள் அந்தக் கப்பலில் ஊர் திரும்புகின்றன. வழியில் இங்கே இறங்கி என்னையும் ஏற்றிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் கப்பல் கிடையாது.

இன்றைய பொதியில் கால்வாசி வீட்டுக் கடிதங்கள். மீதி முழுக்க 'துருவக்கப்பல்' ரசிகர் மன்றத்துச் சண்டை. முப்பத்தொரு வருடமாக ஓடும் தொலைக்காட்சித் தொடர். ரோபோவுக்கு ஊரைக்கூட்டிக் கல்யாணம் செய்துவைத்த வருடமே நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கப்பலில் இருப்பவர்கள் நிறுத்தவில்லை. கடிதம் தாமதமானால் பொறுத்துக்கொள்கிறார்கள், மன்றம் தாமதமானால் என்னைத் திட்டுகிறார்கள்.

பிப்ரவரி 12, மதியம்

படிக்க வேறொன்றும் இல்லாததால் சண்டையைப் படித்தேன்.

இந்த வருடத்தின் கடைசிப் பகுதி. பொறியாளர் சூசை, உடைந்த நிலையமொன்றில் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறான். கேப்டன் மங்கையர்க்கரசி ரேடியோவில் பேசுகிறாள்: "சூசை, நாங்க கிளம்புறோம்." அதோடு திரை இருண்டுவிடுகிறது. சூசையின் முகத்தைக் காட்டவில்லை. அவனுக்குப் புரிந்ததா என்று மன்றத்தில் கேட்காதவர் இல்லை.

"நாம கிளம்புறோம்" என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? இதற்குத்தான் இத்தனை அடிதடி. நாம் அணி, நாங்கள் அணி என்று உலகம் இரண்டாகிவிட்டது. தக்கலை தங்கம் என்ற பெயரில் எழுதும் ரசிகை எல்லா வருடத்துப் பகுதிகளையும் திரும்பப் பார்த்திருக்கிறார். அவர் எழுதியது: "கேப்டன் மேடம் தன்னோட ஆளுங்ககிட்ட ஒரு தடவைகூட 'நாங்க' சொன்னதில்ல. வெளியாளுங்ககிட்ட மட்டும்தான் சொல்வாங்க. சூசைய விட்டுட்டுப் போறாங்க மக்களே. அழுறவங்க இப்பவே அழுதுக்கோங்க."

அதன் கீழே கடைசி பெஞ்ச் காளி என்பவர்: "நடிச்சவங்களுக்கு வாய் தவறிருச்சு. இதுக்குப் போயி ஒரு கட்டுரையா?"

நான் காளியின் பக்கம். நெய்தலின் கேப்டன் அன்சாரி காயல்பட்டினத்துக்காரர், நல்ல மனிதர். இன்று சொன்னார்: "அக்கா, பெட்டியக் கட்டி வைங்க. நாம பதினெட்டாந்தேதி கிளம்பிரலாம்." பெட்டியைப் போன வாரமே கட்டிவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 15, காலை

இரண்டாவது சுத்திகரிப்புக் கருவி நின்றுவிட்டது. மாற்று மோட்டார் இல்லை. முதலாவது தனியாக இழுக்கிறது. கப்பல் வரும்வரை தாங்கும், அதற்குமேல் அதிகம் தாங்காது.

அன்சாரிக்குச் சொன்னேன். அவருக்கும் அங்கே தொல்லை: "டேங்க்ல கசிவு அக்கா. அடச்சாச்சு. எவ்வளவு போச்சுன்னு இன்னும் தெரியல. கவலப்படாதீங்க, நாம பாத்துக்கலாம்."

மனதை வேறு பக்கம் திருப்ப, மன்றத்தில் நானும் ஒரு பதிவு போட்டேன். பெயர் குறுங்கோள்வாசி. 'களைத்துப்போன கேப்டன் வாய் தவறிச் சொல்லியிருப்பாள், மனிதர்களுக்கு அது சகஜம், போய் வேலையைப் பாருங்கள்' என்று எழுதினேன். இரண்டே பொதியில் பதில் வந்துவிட்டது. தக்கலை தங்கம்: "யாரு சாமி இந்தக் குறுங்கோள் அக்கா? நீங்க தனியா உக்காந்து அந்த 'நாங்க'வக் கேட்டுப் பாருங்க. அப்பத் தெரியும்."

சிரித்தேன். தனியாகச் சிரித்தால் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது.

பிப்ரவரி 17, மாலை

தலைவலி. காற்று கனமாக இருக்கிறது.

அன்சாரியிடமிருந்து ஒரே வரி: "கணக்குப் போட்டுக்கிட்டிருக்கோம் அக்கா. சொல்றோம்."

'நாம'வும் இல்லை, 'நாங்க'வும் இல்லை. 'சொல்றோம்' என்பது இரண்டுக்கும் பொருந்தும். பதிவை ஓடவிட்டு மறுபடி மறுபடி கேட்டேன், சொல்லாமல் விட்ட ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு. முன்பின் தெரியாத ரசிகர்கள் என் காதைக் கெடுத்துவிட்டார்கள். அவர்கள்மீது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இங்கே இறங்கவும் ஏறவும் எவ்வளவு எரிபொருள் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் போடும் கணக்கை நானும் போடலாம். போடவில்லை.

பிப்ரவரி 18, காலை

நல்ல செய்தி. தொடரின் வசனகர்த்தா பேட்டி கொடுத்திருக்கிறார்: "அது வெறும் எழுத்துப்பிழைங்க. அடுத்த வருஷம் சூசை வந்துருவான்." நாம் அணி கொண்டாடித் தீர்க்கிறது. காளி எல்லோருக்கும் மிட்டாய்ப் படம் அனுப்பியிருக்கிறார். எனக்கும் அசட்டுத்தனமாக ஒரு சந்தோஷம். பெட்டியை வாசல் கதவருகே கொண்டுபோய் வைத்தேன். தேதி பதினெட்டு.

பிப்ரவரி 18, மதியம்

கப்பலிலிருந்து, வந்தபடியே:

"வியாகுலமேரி அக்கா. இறங்குனா திரும்ப ஏறுறதுக்கு எரிபொருள் பத்தாது. அஞ்சு வாட்டி பாத்தாச்சு. கப்பல்ல பச்சப்புள்ளைங்க இருக்கு." இடைவெளி. "நாங்க கிளம்புறோம் அக்கா."

திருப்பிச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. சிக்னல் தெளிவாக இருந்தது.

பிப்ரவரி 19

இதைக் கண்டெடுப்பவருக்கு. கேப்டன் அன்சாரிமேல் கோபமில்லை என்று எழுதிப் பார்த்தேன். பொய். அழித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. அவரிடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன். இரண்டும் உண்மைதான், எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை. மிகவும் களைப்பு.

கணக்கைப் போட்டுவிட்டேன். அவர் சொன்னது சரி.

அன்சாரி மறுபடி ரேடியோவில் வந்தார். "பொதி அனுப்பாட்டியும் பரவால்ல அக்கா. ஆன்டெனாவ அணச்சுட்டு கரண்ட்டக் காத்துக்கு வச்சுக்கோங்க." அணைத்தால் சில நாள் கூடும். சில நாள் வைத்துக்கொண்டு என்ன செய்ய? அங்கே ஒரு கப்பல் நிறையக் குடும்பங்கள், ஊர்க் கடிதத்துக்காகக் காத்திருக்கும்.

கடிதங்கள் எல்லாம் போய்விட்டன. மன்றப் பொதியின் மேல் என் பதிவையும் வைத்தேன். பூமிக்கும் போகும். ஆனால் கப்பலில் இருப்பவர்கள்தான் முதலில் படிப்பார்கள்.

குறுங்கோள்வாசி. முந்தைய பதிவுக்குத் திருத்தம். அது வாய் தவறி வருவதில்லை. தங்கம் சொன்னதே சரி. வசனம் எழுதியவர் தனக்கே தெரியாமல் சரியாக எழுதிவிட்டார். சூசைக்குப் புரிந்ததா என்று கேட்டிருந்தீர்கள். முதல் தடவையே புரிந்திருக்கும். ஒரே ஒரு குறை. 'நாங்க' என்பதற்கு முன்னால் கேப்டன் மூச்சை இழுத்துப் பிடிப்பாள். அது ரேடியோவில் கேட்கும். அதை விட்டுவிட்டார்கள்.

அனுப்பியாயிற்று. ஆன்டெனா சரி. பேட்டரி