பின்வேலியிலிருந்து பத்தடி

கரம்பொன்
ஆடி 14

அன்பு மகள் நிமலினிக்கு,

இனியும் வாய் மூடி இருக்க ஏலாது என்றுதான் எழுதுகிறேன். நாங்கள் மாதாவின் கிருபையில் இருக்கிறோம், நீங்களும் பெர்கன் குளிருக்குள் சுகமாய் இருக்க வேண்டும். போனில் சொல்லலாம், ஆனால் அம்மா பக்கத்திலேயே இருப்பா. முறிந்த இடுப்போடு அவ இன்னும் வோக்கரைப் பிடித்து முற்றத்தைத் தாண்டித்தான் கக்கூசுக்குப் போகிறா, மாரி தொடங்கினால் அதுவும் ஏலாது. அதற்குத்தான் பின்பக்கம் குளியலறையோடு ஓர் அறை கட்டச் சொன்னாய். அனுமதியைப் பிறகு எடுக்கலாம் என்ற மேசனின் கதையைக் கேட்டு அத்திவாரம் போட்டேன், பிரதேச சபை நிறுத்திவிட்டது. ஏன் நிறுத்தினார்கள் என்று நீ கேட்ட ஒவ்வொரு முறையும் மழுப்பினேன்.

பின்வேலியிலிருந்து பத்தடி விட வேண்டுமாம். முதலில் வந்தவர் எட்டடி போதும் என்றார், அடுத்தவர் யன்னல் வைத்தால் பத்தடி என்றார், சபைக் கந்தோரில் இருந்த பிள்ளை றோட்டின் நடுவிலிருந்து அளந்தீர்களா என்று கேட்டா. நான் பின்வளவைச் சொல்ல அவ முன்வாசலைச் சொல்கிறா. இருபத்தெட்டு வருஷம் கணிதம் படிப்பித்த எனக்கு இது தலைக்குள் ஏறவில்லை. வேலி என்றால் எந்த இடம்? அன்று வேலிக்கு நட்ட கதியால் தடியெல்லாம் இன்று பருத்த மரம், அதில் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, நடுவா? எப்படி அளந்தாலும் எங்கள் அத்திவாரம் எட்டடிகூட விடவில்லை, ஏழடிதான்.

அவர்கள் ஏன் அளக்க வந்தார்கள் என்பதுதான் நான் மறைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் செபஸ்தியம்மா மாமியின் மகன் றஜீபன் புதுக் குசினி எழுப்பினான். கிணற்றுப் பக்கத்தைச் சீதனமாய் எடுத்துக்கொண்டு கல்லுப் பூமியைத் தம்பி எனக்குத் தள்ளிவிட்டவ உன் மாமி, அதை நான் மறக்க மாட்டேன். அந்தச் சூட்டில், குசினி வேலிக்கு நெருக்கம் என்று சபைக்கு நானே ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன். அளந்து பார்க்கவில்லை, கண்ணுக்கு நெருக்கமாய்த் தெரிந்தது. வந்தவர்கள் கடிதம் கிடைத்ததென்று சொல்லி வேலியின் இரண்டு பக்கமும் நாடா பிடித்தார்கள். அவர்களுக்குப் பதினைந்தடி இருந்தது. றஜீபன்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தான் என்று நீ அவனைப் போனில் ஏசினாய், நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை, மகள்.

நேற்று மாமி விளைமீன் கொண்டுவந்தா. தன் பக்கத்தில் மூன்றடி எங்களுக்கு எழுதித் தருவாவாம், அளவு சரிவந்துவிடுமாம். “மச்சாள் வீட்டுக்குள்ளயே நடந்து திரியட்டும் தம்பி. ஆனா அந்தக் கடுதாசியை எழுதினது ஆரெண்டு நீ சொல்லு, பிறகு எழுதித் தாறன்” என்றா. அவவுக்குத் தெரியும் என்றும் நினைக்கிறேன், தெரியாது என்றும் நினைக்கிறேன். தெரிந்தால் ஏன் கேட்கிறா, தெரியாவிட்டால் ஏன் என் முகத்தையே பார்த்தா? நான் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நீ றஜீபனுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேள், மறந்துவிடாதே. பேரனுக்கு நெஞ்சுச் சளி பிடிக்காமல் பார். மாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

கீழே அப்பா என்று எழுதப் போனேன், கை போகவில்லை. மாமியிடம் வாய் திறந்து சொன்ன பிறகு எழுதலாம் என்று பார்த்தால், அந்தத் துணிவு நாளைக்கு வருமா, மாரிக்கு முன் வருமா என்று எனக்கே விளங்கவில்லை. அதுவரை வைத்திருந்தால் இந்தக் கடிதமும் போகாது. ஆகவே கையெழுத்து இல்லாமல், இப்படியே தபாலில் போடுகிறேன்.