இன்றைக்கு உசிலம்பட்டி பஸ் இல்லை

அடி சிட்டு,

இன்று காலையில் சிம்மக்கல் தெருவில் ஒரு பிள்ளை சிலேட்டில் கோவை இலையைக் கசக்கித் தேய்த்துக்கொண்டிருந்தது. நம் சிலேட்டுகளின் அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. நீ காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று சிரித்தேன்.

மிளகாய் மண்டியில் எங்களோடு காம்பு கிள்ளினவள்தான் நீயும். என்ன, அஞ்சாப்பு வரைக்கும் போனவள். மாதர் சங்கத்து அம்மா ஒருவர் சிலேட்டும் குச்சியும் கொடுத்து, மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தர உன்னை வைத்தார்.

நீ அ, ஆ என்று ஆரம்பிக்கவில்லை. முதல் நாள் ஒவ்வொருத்தியிடமும், "நீ எதைப் படிக்கணும்?" என்று கேட்டாய். ஒருத்தி, பட்டாளத்துக்குப் போன மகன் கடுதாசியை என்றாள்.

நான் சொன்னேன்: "உசிலம்பட்டி பஸ் போர்டு. எவனோ ஒருத்தன் வெளையாட்டுக்கு என்னைய மேலூர் பஸ்ல ஏத்திவிட்டுட்டான்டி."

"அப்ப உனக்கு உ-தான் மொத எழுத்து. ஒங்க ஊருப் பேருக்குள்ளயே எம்புட்டு எழுத்துக் கெடக்கு பாரு" என்றாய். அங்கே பிடித்து உப்பு, பல், சட்டி என்று இழுத்துக்கொண்டே போனாய். பட்டாளத்துக்காரன் பேர் முருகன் என்பதால் அவன் ஆத்தாளுக்கு மு முதல் எழுத்து.

ஒரு நாள் சங்கத்து அம்மா பார்க்க வந்தார். "இவங்களுக்கு ஒண்ணும் ஏறலேன்னா சிலேட்டையெல்லாம் திருப்பி வாங்கச் சங்கத்துல சொல்லியிருக்காங்க" என்றார். உன் முகம் சுண்டிப்போனது. என்னைத்தான் முதலில் கேட்டார்.

"அ-வுக்கு அடுத்து என்ன எழுத்து?"

"உ."

அடுத்து முருகன் ஆத்தாளைக் கேட்டார். அவள் கூசாமல், "மு" என்றாள்.

"ஏம்மா, உயிரெழுத்தே வரலையே!" என்று உன் பக்கம் திரும்பினார்.

"வரிசை வராதும்மா. வாசிக்க வரும். புத்தகத்துல இல்லாததா, நீங்களே ஒண்ணு எழுதிக் கேளுங்க." தலை குனியவில்லை நீ.

அந்த அம்மா என் பக்கத்தில் இருந்த துணி மூட்டையைப் பார்த்தார். "எங்கே கிளம்பியிருக்கே?"

"உசிலம்பட்டிக்கும்மா. தங்கச்சி மகளுக்குச் சடங்கு, விடிஞ்சா விசேசம்."

கொஞ்சம் யோசித்து, சிலேட்டில் எழுதி நீட்டினார். நான் விரலை வைத்துத் தடவித் தடவிப் படித்தேன். "இன்... றைக்கு... உசிலம்பட்டி... பஸ்... இல்... லை." சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடின பஸ், எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

"அய்யய்யோ, கரி தீந்துபோச்சா? புள்ளைக்குக் கட்டுற சேலை எங்கிட்டல்ல இருக்கு!" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"இரும்மா, இரு! பஸ் இருக்கு! பரீட்சைக்காக எழுதினேன்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, வாசிச்சாளா இல்லையா?" என்று கேட்டாய்.

"வாசிச்சாளாவா? நம்பிட்டாளேம்மா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு மேல என்ன பரீட்சை வைக்க?"

சிலேட்டு ஒன்றும் திரும்பிப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் வந்தது. அப்புறம்தான் நீ சிரித்தாய். "அடி கிறுக்கி, நீ ஓடுன ஓட்டத்துல நம்ம எல்லாருமே பாசு!" என்றாய். அன்றைக்குச் சாயங்காலம் நான் யாரையும் "அண்ணே, இது எங்க போவுது?" என்று கேட்கவில்லை. போர்டைப் படித்தேன், ஏறினேன். மகாராணி மாதிரி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.

இப்போது உன் இடத்தில் நான் உட்காருகிறேன், சிட்டு. முருகன் கடுதாசியை அவன் ஆத்தாளே படிக்கிறாள். எழுத்துத் தப்பு என்று மகனைத் திட்டவும் செய்கிறாள். அம்புட்டுப் பெருமை எங்களுக்கு.

நேற்று புதிதாக ஒருத்தி வந்தாள். எதைப் படிக்கணும் என்று கேட்டேன். "தெரியலக்கா. உனக்கு என்ன வேணும்னு இதுவரைக்கும் என்னைய யாரும் கேட்டதில்ல" என்றாள்.

அவளுக்கு எந்த எழுத்தில் ஆரம்பிக்கட்டும், சொல்லுடி?