என் நம்பரில் நின்றவன்

பாலகாட்,
கோலார் தங்க வயல்,
12-2-1967

அன்பு மகள் ஃப்ளோராவுக்கு அப்பா இன்பராஜ் எழுதுவது. சேசு உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே அம்மாவுக்குச் சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. என் சுகத்தைக் கீழே எழுதுகிறேன், அவசரப்படாதே.

மனிதனுடைய நுரையீரலைக் கையில் எடுத்துப் பார்த்தேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவளுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. நாலு வருஷம் நர்ஸ் படிப்புப் படித்து, பட்டமும் வாங்கிவிட்டு, கைக்கு வந்த வேலையை உதறி, மறுபடி சின்னப் பிள்ளைகளோடு டாக்டர் படிப்பில் போய் உட்காருவாளா ஒருத்தி என்று நம் லைன் வீடுகள் முழுக்கக் கேட்கிறார்களாம். கேட்கட்டும், அவர்களுக்கு வேறு வேலை என்ன? உனக்குச் சீட்டு கிடைத்த அன்று லைனில் எல்லாருக்கும் பூந்தி வாங்கிக் கொடுத்தவன் பக்கத்து வீட்டு முனுசாமி. உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து ரயிலேற்றியவனும் அவன்தான். அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நவம்பரில் எனக்கு மார்பு எக்ஸ்ரே படம் எடுக்கும் முறை வந்தது. படம் சுத்தம் என்று உனக்கு எழுதினேன். அது பொய். மேடு ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. நெஞ்சில் கல்தூசி என்று படத்தில் தெரிந்தால் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள். மேலே வேலை செய்தால் சம்பளம் பாதிதான். அப்புறம் உன் படிப்பு என்ன ஆகும்? இங்கே சிலர் செய்வதை நானும் செய்தேன். என் பித்தளை வில்லையை முனுசாமியிடம் கொடுத்து, என் பெயரில் போய் நிற்கச் சொன்னேன். ஒரே நாளில் நூறு பேர் நிற்கிற இடத்தில் யார் முகத்தைப் பார்ப்பது? வில்லையில் உள்ள நம்பரைத்தான் பார்ப்பார்கள். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. பாறையில் துளை போடும் மிஷினைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நடக்கிறவன். பாப்பா டாக்டர் ஆவட்டும்ணே, நான் நிக்கிறேன் என்று சொல்லி, குளித்துத் தலைவாரிக்கொண்டு போனான், பாவி மகன்.

படத்தில் இரண்டு பக்கமும் தூசி. பெயர் என்னுடையது, நம்பர் என்னுடையது. நெஞ்சு அவனுடையது.

இது தொடக்கம்தான், இப்போதே தூசியை விட்டு விலகினால் பல வருஷம் இருக்கலாம் என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டு நல்ல மனசோடு சொன்னார். அவனிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னார். என்னைச் சுரங்கத்திலிருந்து மேலே ஏற்றி, லாம்பு கொடுக்கிற ரூமில் பாதிச் சம்பளத்துக்குப் போட்டுவிட்டார்கள்; மீதிக்குக் கடன் வாங்கித்தான் உனக்கு அனுப்புகிறேன். முனுசாமி ஓடி வந்தான். படத்தில் ஒன்றும் இல்லையடா, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து எனக்கு மூச்சிரைப்பது தெரிந்துபோய்விட்டது என்று அவனிடமும் பொய் சொன்னேன். இன்னாண்ணே, நான் நின்னது வீணாப் பூடுச்சே என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

மூன்று மாதம் ஆகிறது. தினமும் காலை ஷிப்டுக்கு ஜன்னல் வழியாக அவன் கையில் லாம்பைக் கொடுத்துக் கீழே அனுப்புகிறவன் நான்தான். அவனுக்குப் படம் எடுக்கும் முறை அடுத்த வருஷம்தான். அவன் பெண்சாதி வள்ளிக்கு இது மூன்றாவது, ஏழு மாதம். போன செவ்வாய்க்கிழமை லாம்பை வாங்கும்போது இருமினான். பனி ஒத்துக்கலண்ணே என்றான். அந்த இருமல் எனக்குத் தெரியும், ஃப்ளோரா. இரண்டு வருஷமாக நான் இருமுவது அதுதான்.

அவனிடம் மட்டும் சொன்னால், பாப்பா படிப்பு முடியட்டும்ணே, அதுவரைக்கும் வெளிய சொல்லாதே என்று மறுபடியும் சுரங்கத்துக்குள் இறங்கும் கேஜில் ஏறிவிடுவான். அப்படிப்பட்டவன் அவன். அதனால் ஆபீசில்தான் சொல்ல வேண்டும். சொன்னால் ஆள் மாறி நின்றதற்கு இரண்டு பேருக்கும் வேலை போகும், லைன் வீடும் போகும். நீ படிப்பை விட்டுவிட்டு மறுபடி நர்ஸ் தொப்பி மாட்ட வேண்டியதுதான். ஆபீசுக்கு எழுதிய காகிதம் நாலு நாளாக என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுக்கக் கை வரவில்லை.

நீ கையில் எடுத்த நுரையீரல் என்ன நிறம் என்று எழுதவில்லை. வேண்டாம், எழுதாதே.

மாதா உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும். உடனே பதில் போடு. என்னைத் திட்டி எழுது, பேசமாட்டேன் என்று எழுது, எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். சும்மா இருங்கப்பா என்று மட்டும் எழுதிவிடாதே, தாயே. நீ எழுதினால் நான் சும்மா இருந்துவிடுவேன்.

உன் அப்பா,
இன்பராஜ்