நல்ல தண்ணின்னுதானே சொன்னீங்க

இன்னிக்கும் பருப்பு வேகலைங்க. குக்கர் கத்திக் கத்தி ஓஞ்சுடுச்சு. திறந்து கரண்டியால நசுக்கினா நறநறங்குது. பாத்திரத்து அடியில வெள்ளையா உப்பு பூத்திருக்கு. எல்லாம் இந்தக் கிணத்துத் தண்ணியாலதான். நீங்க குடிச்சுப் பார்த்து வாங்கின கிணறு.

திருமுடிவாக்கத்து நிலத்துல உங்க பங்குப் பணம் கைக்கு வந்ததும் நாம எத்தனை வீடு பார்த்தோம்! எந்த வீட்டுக்குப் போனாலும் நீங்க நேரா தண்ணிக்கிட்டதான் போவீங்க. "சுவரு விரிஞ்சா பூசிக்கலாம், தண்ணி கெட்டா எதைப் பூசுவே?"ன்னு கேப்பீங்க. டம்ளர்ல குடுத்தா வாங்க மாட்டீங்க, கேன் தண்ணிய ஊத்தி ஏமாத்துவாங்கன்னு. நீங்களே குழாயைத் திறந்து உள்ளங்கையில பிடிச்சுக் குடிப்பீங்க. பெருங்களத்தூர்ல ஒரு புரோக்கர்கிட்ட, "சார், இந்தத் தண்ணியில ரசம் வெச்சா உப்பு வாங்கற செலவு மிச்சம்"னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டினீங்க. அந்த ஆள் முகம் போன போக்கை நினைச்சு நினைச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தோம்.

அப்புறம்தான் இந்த வீடு. தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்கிற பழைய தெரு. ரெண்டு பக்கமும் அடுக்குமாடி எழும்பி நிக்க, நடுவுல இது மட்டும் நூறு வருஷத்து வீடா உட்கார்ந்திருந்துச்சு. தேக்கு உத்தரம், சிவப்புத் தரை, முழங்கை நீளத்துக்குத் தடிச்ச சுவரு. பம்மல்ல ஷீட்டு போட்ட வாடகை வீட்டுல, மதியமானா ஈரத் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தவ நான். அந்த மே மாசத்து வெயில்ல இந்தச் சுவத்துல கைய வெச்சேன், ஜில்லுன்னு இருந்துச்சு. கைய எடுக்க மனசு வரல. கன்னத்தையும் வெச்சுக்கிட்டேன். கிணத்தடியில இருந்து நீங்க என்னைப் பார்த்தீங்க. பார்த்துட்டுத்தான் வாளிய இறக்கினீங்க. நீங்களே இறைச்சு, நீங்களே குடிச்சு, வாயைத் துடைச்சுக்கிட்டு, "நல்ல தண்ணி, இளநியாட்டம் இருக்கு"ன்னீங்க. அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டீங்க.

பத்திரம் முடிஞ்சுது. ஓட்டை உடைசலைச் சரி பண்ணிக்கிட்டு இருக்கும்போதே நீங்க படுத்துட்டீங்க, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நான் ஒருத்தியா வந்து முதல் நாள் இந்தத் தண்ணிய வாயில வெச்சேன். கரிச்சுது. துப்பிட்டேன்.

எதிர் வீட்டு அக்காகிட்ட கேட்டேன். "இன்னாமா புதுசா கேக்கறே? நான் கல்யாணம் கட்டிகினு வந்த நாளா அது உப்பாத்தான் கீது"ன்னாங்க. தெருமுனையில இஸ்திரி போடறவர் அடிச்சுச் சொல்றார், "அத்த நம்பாதக்கா! தேனு மாதிரி இருந்துச்சு. பக்கத்து பிளாட்டுக்காரன் ஆழமா போரு போட்டான், எல்லாம் பூடுச்சு." நான் யாரை நம்பறது?

வீடு பார்த்த அந்த வருஷம் பூரா நீங்க சாப்பாட்டுல உப்பில்லைன்னு சண்டை போட்டது வேற ஞாபகம் வருது. "ரசம் வெச்சியா, வென்னீர் வெச்சியா?"ன்னு கேட்டீங்க. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிட்டாரேன்னு நான் உப்பு ஜாடிய அலமாரி மேல ஒளிச்சு வெச்சேன். மாத்திரை தின்னு தின்னு உங்க நாக்கு அப்பவே செத்துப் போச்சோ? அப்படின்னா நீங்க தெரியாமத்தான் சொன்னீங்க. ஆனா எந்த வீட்டுலயும் நீங்க ஒரு வாய் குடிச்சதும், "இந்தா, நீயும் பாரு"ன்னு எனக்கு நீட்டுவீங்க. இந்த வீட்டுல மட்டும் நீட்டலையே. ஏங்க நீட்டல?

பையன் வித்துடச் சொல்றான். "அப்பா ஏதோ அவசரத்துல வாங்கிட்டாரும்மா. இடிச்சுக் கட்ட பில்டர் ரெடியா இருக்கார். குடுத்துட்டு எங்களோட வந்துடு." நியாயமாத்தான் தெரியுது. உங்க நாக்கு உங்களை ஏமாத்திடுச்சுன்னா, தப்பா வாங்கினதைப் பிடிச்சுக்கிட்டு நான் ஏன் உட்கார்ந்திருக்கணும்? எனக்காகத்தான் அப்படிச் சொன்னீங்கன்னா, நான் எப்படி இதை விடுவேன்? ராத்திரி ஒண்ணு சரின்னு தோணுது, விடிஞ்சா இன்னொண்ணு சரின்னு தோணுது.

இன்னிக்கு பில்டரைக் கூட்டிக்கிட்டே வந்துட்டான். அவர் உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார், மூலைக்கு மூலை அளந்தார், குடிக்கத் தண்ணி கேட்டார். சமையக்கட்டுல நான் குடிக்க வாங்கற கேன் தண்ணி இருந்துச்சு. நான் ஏனோ கிணத்தடிக்குப் போய் ஒரு வாளி இறைச்சு, சொம்புல கொண்டாந்து குடுத்தேன். ஒரு வாய்தான் குடிச்சார், வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"இன்னாம்மா இது, கடல் தண்ணியாட்டம்! இத்தக் குடிச்சுகினு எப்படிமா இருக்கீங்க?"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்"னான் பையன்.

நான் சுவத்துல கைய ஊனிக்கிட்டு நின்னேன். ஜில்லுன்னுதான் இருந்துச்சு.

"நல்ல தண்ணி சார்"னேன். "எங்க வீட்டுக்காரர் குடிச்சுப் பார்த்துத்தான் வாங்கினார். நான் குடுக்கறதா இல்ல."

பையன் என்னையே பார்த்தான். அப்புறம் அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். சாயந்தரம் போன் பண்ணுவான், திட்டுவான்.

நான் சொன்னது பொய்யா நிஜமான்னு எனக்கே தெரியலைங்க. வாளிய வெச்சுட்டு அன்னிக்கு நீங்க சொன்னப்போ உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?

பருப்பு இன்னும் அடுப்புலதான் இருக்கு. இறக்கல.