பிளாஸ்டிக்குக்குள் ஒரு சிப்பாய்

இன்று காலை லாசாலில் ஒரு நகலெடுக்கும் கடையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் மகனின் பிறப்புச் சான்றிதழை நீட்ட, கடைக்காரர் அதை உறைக்குள் வைத்து லமினேட் இயந்திரத்துக்குள் தள்ளினார். சூடான பிளாஸ்டிக் மணம் கடை முழுக்கப் பரவியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் திரும்பி முறைத்தாள். இரண்டு பனிக்காலத்துக்கு முன் செத்துப்போன ஒருவரை நினைத்துச் சிரித்தேன் என்று அவளுக்கு எப்படி விளக்குவது, அண்ணை?

பாண் சுடும் தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் நீங்கள் இருபது வருடப் பழசு. நான் பல்கலைக்கழகச் செலவுக்காகக் கோடையில் வந்து சேர்ந்தவள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேசையில், புட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில், பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தீர்கள்.

"இஞ்ச பார் பிள்ளை."

"என்னண்ணை, சாப்பாட்டுக் கடை மெனுவோ?"

"மெனுவோ? அமெரிக்காவில அடிமை முறையை வைச்சுச் சண்டை பிடிச்சவங்களெல்லோ, அந்தப் படையில இருந்து ஒருத்தனை விடேக்க குடுத்த பத்திரம்."

"அவ்வளவு பழசு ஏன் இப்பிடி மினுங்குது?"

"லமினேட் பண்ணிப்போட்டன். இனிக் கிழியாது."

லொங்கேயில் ஒரு கிறிஸ்தவக் கோயிலின் நிலவறைச் சந்தையில், மகள் முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்தை மாட்ட ஒரு பழைய சட்டம் வாங்கினீர்களாம். பின் அட்டையைக் கழற்றியபோது உள்ளே இந்தக் கடதாசி இருந்ததாம். மேலே ஒரு கழுகுப் படம். கீழே ஓர் அதிகாரியின் கையெழுத்து. இடையில், அமெரிக்க எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து சம்பளத்துக்காகப் படையில் சேரப் போன ஒரு பிரெஞ்சுப் பையனைப் பற்றிய விபரம்: உயரம், தோலின் நிறம், கண்ணின் நிறம், தொழில் விவசாயம்.

நான் தொலைபேசியில் தேடினேன். பழைய பத்திரங்களும் கையெழுத்துகளும் சேர்ப்பவர்கள் எழுதி வைத்த முதலாவது அறிவுரையே லமினேட் செய்யாதே என்பதுதான். அதை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

நீங்கள் புட்டை விழுங்கிவிட்டு, "அப்ப மழை பெய்தா?" என்றீர்கள்.

"வீட்டுக்குள்ள எங்கயண்ணை மழை?"

"வரும்."

அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவின் கோப்பைத் திறந்தபோது சிரிப்பு நின்றது. பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், அப்பாவின் பழைய அடையாள அட்டை, எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் கிடந்தன. இந்த நகரத்தில் நம்மவர்கள் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

பிறகு நூலகத்தில் ஓர் அறிவித்தல் பார்த்தீர்கள். பழைய அமெரிக்கப் பத்திரங்களும் கையெழுத்துகளும் சேர்ப்பவர்களின் சங்கம், மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் கூடும். சேர விரும்புகிறவர் ஒரு பத்திரம் கொண்டுவந்து ஐந்து நிமிடம் பேசவேண்டும். சங்கத்தார் மூன்று பேரின் கை உயர்ந்தால் உள்ளே. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரக் கிழவர்களின் பொழுதுபோக்கில் உங்களுக்கு என்ன வேலை என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

"இருபது வருசம் பிள்ளை. வேலை, கோயில், வீடு. இந்த ஊர்ச் சனத்தோட ஒரு மேசையில இருந்து, ஒரு விசயத்தைப் பற்றி, நான் இன்னும் கதைக்கேல்லை. சூப்பர்வைசர் கத்துறதைக் கணக்கில எடுக்காத."

அதற்குப் பிறகு மறுக்க முடியவில்லை.

கலியாண டையைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். எங்களுக்கு முன் ஒருவர், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி டை, ஒரு ஜனாதிபதியின் பெயரால் கொடுக்கப்பட்ட காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டினார். எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். யாருடைய காணியை யார் யாருக்குக் கொடுத்தது என்று உங்கள் காதுக்குள் பொருமினேன்.

"கையெழுத்தும் அந்த ஜனாதிபதி போட்டதில்லையாமே?"

"ஓம், எழுத்தர்தான் போட்டவராம்."

"பாவம், அவ்வளவு காணி குடுக்கேக்க கை நொந்திருக்கும்" என்றீர்கள். நான் இருமுவதுபோல் நடித்துச் சமாளித்தேன்.

உங்கள் முறை வந்தது. அந்த வண்ணத்துப்பூச்சி டைக்காரர் உங்கள் சிப்பாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நெற்றியில் கை வைத்தார். நீளமாகப் பேசினார். இது ஒரு கொலை என்பது அதன் சாரம்.

"என்னவாம்?"

"பிழையாம்."

"அந்தாள் அவ்வளவு நேரம் கதைச்சுது, நீ ஒரு சொல்லில முடிச்சிட்டாய்."

சபையைப் பார்த்துப் பேசத் தொடங்கினீர்கள். இந்தப் பத்திரம் கிடைத்த விதத்தைச் சொன்னீர்கள். நான் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பூர்வகுடிகளிடம் பிடுங்கிய காணியின் கடதாசியைத் தங்கம்போல் தாங்குகிறவர்கள் ஓர் ஏழையின் கடதாசியில் பிழை பிடிக்க வந்துவிட்டீர்களா என்று என் பங்குக்கும் சேர்த்துக் கொட்டினேன். முகங்கள் இறுகின. என் முழங்கையில் நீங்கள் கிள்ளினீர்கள்.

"'வொலர்' எண்டு சொன்னனி. அது கள்ளரெல்லோ? நான் கள்ளர் எண்டு சொல்லேல்லையே."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ர சைக்கிள் களவுபோனபோது பொலிசில படிச்ச சொல்."

பிறகு என்னை ஒதுக்கிவிட்டு நீங்களே எழுந்தீர்கள். பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், மிச்சம் கை. பிளாஸ்டிக்குக்கு மேலால் மடிப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவிக் காட்டினீர்கள். இவன் இதை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். நானும் மன்னாரில் என் அடையாளக் கடதாசியை அப்படித்தான் வைத்திருந்தேன். சந்தியில் ஆமிக்காரன் கேட்பான், மழை பெய்யும், கடதாசி கரையும். கடதாசி கரைந்தால் ஆளும் முடிந்தான். இவனுக்கும் ஒரு லமினேட் கடை கிடைத்திருந்தால் போயிருப்பான் என்றீர்கள்.

தலைவியாக இருந்த கிழவி, "அவன் கண் என்ன நிறம்?" என்று கேட்டார். "நீலம்" என்றீர்கள், உங்கள் உறவுக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல. அவர் கை தூக்கினார். பின் வரிசையில் இன்னொரு கை. கடைசியாக டைக்காரர், இனி எதையும் லமினேட் செய்வதில்லை என்று சத்தியம் செய்தால்தான் என்றார். நீங்கள் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தீர்கள்.

வெளியேறும்போது ஒருவர் அடுத்த மாதம் சமோசா கொண்டுவர முடியுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீங்களோ, "எங்கட ஆக்கள் செய்யிறது ரோல்ஸ் எண்டு சொல்லு பிள்ளை, மட்டன் ரோல்ஸ்" என்றீர்கள். மெட்ரோவில் வீடு வரும்வரை என் கோபத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தீர்கள். அவ்வளவு சந்தோசமாக உங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சத்தியத்தைக் காப்பாற்றினீர்கள். பூசை நேர அட்டையைத் தவிர வேறெதையும் பிறகு லமினேட் செய்யவில்லை. உங்கள் அடக்கப் பூசையில் சங்கத்து ஆட்கள் ஆறு பேர் கடைசி வாங்கு வரிசையில் நின்றார்கள். எப்போது எழும்புவது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மேலாளர் வரவில்லை. இருபது வருடத்துக்கும் மேல் பொதி கட்டிய இடத்திலிருந்து ஒரு பூக்கூடை மட்டும் வந்தது, பெயரைப் பிழையாக எழுதி.

உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், உங்கள் கோப்புகளை என்னிடம் தந்தார். அவற்றோடு சங்கத்தில் உங்கள் கதிரையும் எனக்கு வந்து சேர்ந்தது. மாதம் தவறாமல் போகிறேன். ஜனாதிபதிகளை எனக்கு இன்னும் பிடிக்காது, அதை மாதம் தவறாமல் சொல்லியும் விடுகிறேன். டைக்காரர் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார். சண்டை பிடிக்க வசதியாக இருக்கிறதாம்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். ஹெய்ட்டியில் பிறந்தவள், அஹுன்ட்சிக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி, வேலை உடுப்போடு வந்திருந்தாள். ஹெய்ட்டியை அமெரிக்கப் படை பிடித்து வைத்திருந்த காலத்துக் கடதாசித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளுடைய பூட்டன் ஊரைவிட்டு வெளியே போகலாம் என்று ஒரு சார்ஜன்ட் எழுதிக் கொடுத்தது. அவள் சொல்லி முடித்ததும் டைக்காரர் தொண்டையைச் செருமினார். பெயர் தெரியாத சார்ஜன்ட், ஊரும் அமெரிக்கா இல்லை, இதை நாம் எதில் சேர்ப்பது என்றார்.

சொந்த மண்ணில் நடக்க ஒருவன் யாரிடம் அனுமதி கேட்டிருக்கிறான் என்று அதில் எழுதியிருக்கிறதே, அதை வாசித்துவிட்டு எதில் சேர்ப்பது என்று சொல்லுங்கள் என்றேன். இன்னும் பத்து வசனம் நாக்கு நுனியில் நின்றது. எல்லாவற்றையும் விழுங்கினேன். இது அவளுடைய ஐந்து நிமிடம். கையை மட்டும் தூக்கினேன்.

தலைவிக் கிழவியும் கை தூக்கினார். டைக்காரர் துண்டை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார், முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். ஆள் ஆறுதலாக, சொல் சொல்லாக வாசிக்கிறவர். எனக்குத் தோள் உளையத் தொடங்கியது. அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கை எழும்பும்வரை நான் அதை இறக்கவில்லை.