சுண்ணாம்புப் பொட்டு வைத்த மாம்பழம்

செலியமேடு,
திங்கட்கிழமை

கோபக்காரி சகாயராணிக்கு, உன் புருஷன் சூசைநாதன் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் நானும் மாடும் சுகம். பிள்ளைச்சாவடியில் உன் அண்ணன் வீட்டு மீன்குழம்பில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய். பத்து நாளாகப் போனை எடுக்காமல், அஞ்சாவதோடு நின்ற என்னைக் கடுதாசி எழுத வைத்துவிட்டாய்.

பழுக்கும்போது அழுகாது என்று நீ நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து, ஆறிய கஷாயத்தில் பாதி மாங்காயை முக்கியபோது, "இன்னாடி, மாங்காய்க்குப் புள்ள பெத்தவ குளியலா?" என்று தெருவே சிரிக்கக் கேட்டேன். அதற்குத்தானே பையைத் தூக்கினாய்? நீ பஸ் ஏறியதும் இன்னொரு வேலையும் செய்தேன். திட்டாமல் படி. முக்கிய காயையும் முக்காத காயையும் ஒன்றாகக் கொட்டி வைக்கோலில் மூடினேன். எது உன் காய் என்று தெரியாவிட்டால் நீ ஜெயிக்க முடியாதல்லவா!

நேற்று பாகூர் பழக்கடை ஹசன் வந்தான். வைக்கோலை விலக்கினால் பாதிப் பழத்தில் கறுப்புப் புள்ளி, காம்போரம் பூஞ்சணம். நல்லதைப் பொறுக்கியபடியே, "இன்னாண்ணே, நல்ல பழத்துக்கெல்லாம் அடியில சுண்ணாம்புப் பொட்டு வெச்சிருக்க?" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கள்ளி! நான் கலப்பேன் என்று தெரிந்தேதானே பொட்டு வைத்துவிட்டுப் போனாய்? நீ முக்கிப் பொட்டு வைத்ததில் மூன்றே மூன்றுதான் கெட்டிருந்தது.

அன்று சிரித்தவர்கள் வீட்டுக்கெல்லாம் பொட்டுப் பழம் ஒன்று கொண்டுபோய், இது சகாயராணி கைவேலை என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். காசம்மாள் அக்கா, "ஊர்ல இல்லாமயே உன்ன ஜெயிச்சிட்டாளேடா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

கிணற்றடி மரத்துக் காயை ஞாயிற்றுக்கிழமை பறிக்க வேண்டும். விட்டால் உதிர்ந்துவிடும். கஷாயத்தை நானே ஒருதரம் வைத்துப் பார்த்தேன், உன் சோற்றுப் பானையில். இப்போது சோறும் நொச்சி வாசம், ரசமும் நொச்சி வாசம். மாடு என்னை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். உன் பையைத் தலையில் வைத்துத் தெரு நடுவில் நான் நடக்கிறேன், நீ கையை வீசிக்கொண்டு வா. இந்தத் தடவை தெரு என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
பொட்டு வைக்காத பழம்,
சூசைநாதன்